டெஸ்டிங் வேலைக்கான முதல் நேர்காணல்

அனுபவமில்லாத ஒருவரை டெஸ்டிங் வேலைக்கு நேர்காணும் டெஸ்ட் லீட் இரண்டு விஷயங்களைப் பார்க்கிறார். துறையின் அடிப்படைச் சொற்களும் முறைகளும் தெரியுமா? ஒரு மென்பொருளைக் கையில் கொடுத்தால் அது எங்கே உடையும் என்று தேடத் தோன்றுமா? முதலாவதை வேலையில் சேர்ந்த பிறகு சில வாரங்களில் கற்றுக்கொடுத்துவிடலாம். இரண்டாவதைக் கற்றுக்கொடுப்பது கடினம் என்பதால் முடிவு பெரும்பாலும் அதை வைத்தே எடுக்கப்படுகிறது. விண்ணப்பதாரர்களின் தயாரிப்போ நேர்மாறாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கைமாறும் கேள்வி-பதில் பி.டி.எஃப்.பை நெட்டுருப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஒரே நாளில் பலரிடமிருந்து ஒரே வாசகத்தைக் கேட்கும் லீட், மூன்றாவது ஆளிலேயே அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுகொள்வார்.

அழைப்பு வரும் வழிகள்

சென்னை, கோவை போன்ற ஊர்களில் புதியவர்களுக்கு இந்த வேலை கிடைக்கும் வழிகள் சில உண்டு. வழிக்கு ஏற்ப நேர்காணலும் மாறும். பெரிய சேவை நிறுவனங்கள் கல்லூரி வளாகத் தேர்விலோ பொதுத் தகுதித் தேர்விலோ ஆளெடுக்கும்போது டெஸ்டர் என்று தனியாக எடுப்பது குறைவு. டி.சி.எஸ். நடத்தும் என்.க்யூ.டி. போன்ற தேர்வுகளில் கணக்கு, தர்க்கம், ஆங்கிலம், கொஞ்சம் கோடிங் என்று பொதுவாகவே கேட்பார்கள். உள்ளே சென்று பயிற்சி முடித்த பிறகுதான் யார் டெவலப்மென்ட், யார் டெஸ்டிங், யார் சப்போர்ட் என்று பிரிப்பார்கள். அந்தப் பிரிவினையில் விண்ணப்பதாரரின் விருப்பத்துக்கு அதிக இடமிருக்காது.

டெஸ்டிங்குக்கென்றே நேர்காணல் நடத்துபவை நடுத்தர அளவு நிறுவனங்களும், சொந்தமாக ஒரு மென்பொருளை விற்கும் நிறுவனங்களும், ஸ்டார்ட்-அப்களும்தான். இங்கே அழைப்பு நௌக்ரி, லிங்க்ட்இன் வழியாகவோ, வாக்-இன் அறிவிப்பாகவோ, உள்ளே இருக்கும் தெரிந்தவரின் ரெஃபரலாகவோ வரும். ரெஃபரல் இருந்தால் ரெஸ்யூமே படிக்கப்படும் என்பது நிச்சயம். அதற்கு மேல் அது உதவாது. வழக்கமாக ஓர் எழுத்துத் தேர்வு, ஒன்றோ இரண்டோ டெக்னிக்கல் ரவுண்டு, கடைசியில் ஹெச்.ஆர். என்று நடக்கும். ஸ்டார்ட்-அப்களில் இவையெல்லாம் ஒரே மதியத்தில் முடிந்துவிடுவதும் உண்டு.

ரெஸ்யூமே என்னும் கேள்வித்தாள்

புதியவரின் ரெஸ்யூமேயில் அனுபவம் என்ற பகுதி காலியாக இருப்பதால், மற்ற வரிகளிலிருந்துதான் கேள்வி பிறக்கும். 'செலினியம், ஜேமீட்டர், போஸ்ட்மேன், ஜிரா, அப்பியம்' என்று வரிசையாக எழுதியவரிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி வரும். ஒன்றில் தடுமாறினாலும் மீதி நான்கின் மேலும் சந்தேகம் விழும். உண்மையில் பயன்படுத்திய இரண்டை மட்டும் எழுதுவது பாதுகாப்பானது. 

கல்லூரி ப்ராஜெக்ட்டைப் பற்றிய வரி பெரும்பாலும் 'நூலக மேலாண்மை அமைப்பு, ஜாவாவில் உருவாக்கப்பட்டது' என்ற அளவில் நின்றுவிடுகிறது. டெஸ்டிங் வேலைக்கு விண்ணப்பிப்பவர் அந்த ப்ராஜெக்ட்டை எப்படிச் சோதித்தார், என்ன பிழை கிடைத்தது, எப்படிச் சரிசெய்யப்பட்டது என்று இரண்டு வரி சேர்த்தால் நேர்காணலின் முதல் பத்து நிமிடம் அவருக்குத் தெரிந்த நிலத்திலேயே நடக்கும். ப்ராஜெக்ட் எதுவும் சொந்தமாகச் செய்யவில்லை என்றால், அன்றாடம் பயன்படுத்தும் ஒரு செயலியை எடுத்து இருபது முப்பது டெஸ்ட் கேஸ்களும் நான்கைந்து பக் ரிப்போர்ட்டுகளும் எழுதி ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளலாம். பி.காம்., பி.எஸ்சி. இயற்பியல் போன்ற வேறு படிப்பிலிருந்து வருபவர்களுக்கு இந்தக் கோப்பு பட்டத்தைவிடப் பலமான சான்று. பி.காம். படித்தவர் கணக்கு மென்பொருளையே எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஜி.எஸ்.டி. கணக்கில் எங்கே தப்பு வரும் என்று அவருக்குத் தெரிவது போல கம்ப்யூட்டர் படித்தவருக்குத் தெரியாது.

ஐ.எஸ்.டி.க்யூ.பி. சான்றிதழ் வேண்டுமா என்ற கேள்வி எப்போதும் எழுகிறது. 2002இல் தொடங்கிய அந்தச் சர்வதேச அமைப்பின் அடிப்படை நிலைத் தேர்வில் 40 கேள்விகள், 60 நிமிடம், 65 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. பாடத்திட்டத்தின் நான்காம் பதிப்பு 2023இல் வெளியானது. புதியவர்களை எடுக்கும் பெரும்பாலான நிறுவனங்கள் இதைக் கட்டாயமாக்குவதில்லை. தேர்வுக் கட்டணம் சுமையாக இருந்தால் சான்றிதழைத் தள்ளிப் போடலாம். ஆனால் பாடத்திட்டம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பயிற்சி நிலையங்களின் குறிப்புகளைவிடத் தெளிவாகவும் இருக்கிறது. அதைப் படிக்காமல் இருப்பதற்குக் காரணம் ஏதுமில்லை.

அடிப்படைக் கேள்விகள்

டெக்னிக்கல் ரவுண்டின் தொடக்கத்தில் வரையறைக் கேள்விகள் வரும். வெரிஃபிகேஷனுக்கும் வேலிடேஷனுக்கும் என்ன வேறுபாடு, ஸ்மோக் டெஸ்டிங் என்றால் என்ன, பக்கின் வாழ்க்கைச் சுழற்சி என்ன என்பன போன்றவை. வரையறையை ஒரு வாக்கியத்தில் சொல்லி, உடனே ஓர் உதாரணம் தருவதுதான் நல்ல பதில். உதாரணம் சொந்தமாக இருக்க வேண்டும். கேட்பவர் கவனிப்பதும் அதைத்தான்.

ரீடெஸ்டிங், ரிக்ரெஷன் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். டெவலப்பர் சரிசெய்துவிட்டதாகச் சொல்லும் பக்கை மீண்டும் போட்டுப் பார்ப்பது ரீடெஸ்டிங். அந்தத் திருத்தத்தால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வேறு ஏதாவது கெட்டுவிட்டதா என்று பார்ப்பது ரிக்ரெஷன். ஒரு ஹோட்டல் பில்லிங் மென்பொருளில் பார்சலுக்கு ஜி.எஸ்.டி. தப்பாகப் போடுகிறது என்ற பிழை சரிசெய்யப்பட்டதென்றால், பார்சல் பில்லை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட முடியாது. உட்கார்ந்து சாப்பிடுபவரின் பில்லும், தள்ளுபடி போட்ட பில்லும், ரத்து செய்த பில்லும் பழையபடி வருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பழைய மென்பொருளைப் புதிய சூழலில் அப்படியே வைப்பதன் ஆபத்துக்கு ஏரியான் 5 ராக்கெட்டை உதாரணம் சொல்லலாம். 1996 ஜூன் 4 அன்று ஏவப்பட்ட அது ஒரு நிமிடம்கூடத் தாண்டாமல் வெடித்துச் சிதறியது. ஏரியான் 4இல் ஒழுங்காக ஓடிய மென்பொருள் பகுதியை எடுத்து வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகத்தில், 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடக்கும் இடத்தில் மதிப்பு அளவை மீறிவிட்டது. குறியுள்ள 16 பிட் முழு எண்ணில் கொள்ளக்கூடிய அதிகபட்ச மதிப்பு 32,767 என்பதைச் சேர்த்துச் சொன்னால், எல்லை மதிப்புகளைப் பற்றிய அடுத்த கேள்விக்கு வாசலைத் திறந்துவிட்டதாகவும் ஆகும்.

செவரிட்டியும் பிரையாரிட்டியும் தவறாமல் கேட்கப்படும் இரட்டைக் கேள்வி. பிழை அமைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்பது செவரிட்டி. எவ்வளவு சீக்கிரம் சரிசெய்ய வேண்டும் என்பது பிரையாரிட்டி. முதல் பக்கத்தில் நிறுவனப் பெயரின் எழுத்துப் பிழை என்ற உதாரணத்தை எல்லோரும் சொல்கிறார்கள். அதைச் சொன்னால் தப்பில்லை, ஆனால் அது கேட்பவரின் காதில் விழாது. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு ஜவுளிக்கடையின் செயலியில், பில் சரியாகப் பாதி விலைக்கே போடுகிறது, விளம்பரப் படத்தில் மட்டும் 50 சதவீதத் தள்ளுபடி 5 சதவீதம் என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குக் கெடவில்லை, செவரிட்டி குறைவு; வியாபாரம் கெடுகிறது, பிரையாரிட்டி உச்சம். எதிர்ப்பக்கத்துக்கு, பள்ளிக் கட்டண மென்பொருளில் ஆண்டுக்கு ஒரு முறை மே மாதம் மட்டும் எடுக்கும் அறிக்கை மென்பொருளையே முடக்கிவிடுகிறது, அது ஜூனில் கண்டுபிடிக்கப்பட்டது என்று சொல்லலாம். பாதிப்பு பெரிது; சரிசெய்ய 11 மாதம் இருக்கிறது. செவரிட்டியை டெஸ்டர் குறிப்பார், பிரையாரிட்டியை ப்ராடக்ட் பொறுப்பில் இருப்பவரோ லீடோ முடிவு செய்வார் என்பது பல இடங்களில் உள்ள வழக்கம். இதையும் சேர்த்துச் சொன்னால் பதில் முழுமையாகும்.

'எல்லாப் பிழையையும் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று எப்போது சொல்வீர்கள்?' என்றொரு கேள்வி சிரித்த முகத்துடன் கேட்கப்படும். சொல்லவே முடியாது என்பதுதான் பதில். சோதனை பிழை இருப்பதைக் காட்டும், இல்லை என்று நிரூபிக்காது. சோதனையை நிறுத்துவது வேறு காரணங்களால்: முன்பே ஒப்புக்கொண்ட அளவுகோல்கள் நிறைவேறியிருக்கும், பெரிய பிழைகள் மூடப்பட்டிருக்கும், அல்லது வெளியிடும் தேதி வந்திருக்கும். கடைசிக் காரணத்தைப் பாடப்புத்தகங்கள் கொஞ்சம் கூச்சத்தோடு சொல்கின்றன. நடைமுறையில் அதுதான் அடிக்கடி நடப்பது.

'இதை எப்படிச் சோதிப்பீர்கள்?'

நேர்காணலின் மையம் இந்தக் கேள்விதான். பேனா, லிஃப்ட், லாகின் பக்கம், ஏ.டி.எம். என்று பொருள் மாறும். கேள்வி வந்ததும் டெஸ்ட் கேஸ்களை அடுக்கத் தொடங்குவதே பெரும்பாலோர் செய்யும் தவறு. லிஃப்ட் எத்தனை மாடிக் கட்டடத்தில், மருத்துவமனையிலா அலுவலகத்திலா, ஆளுக்கா சரக்குக்கா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா என்று தெரியாமல் எழுதும் டெஸ்ட் கேஸ் எதற்கும் பயன்படாது. கேள்வி கேட்டால் விஷயம் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம், ஆசிரியரிடம் கேள்வி கேட்காமலே 15 ஆண்டு படித்து வந்தவர்களிடம் இயல்பாக இருக்கிறது. இந்த ஒரு வேலைக்கான நேர்காணலில் அந்தத் தயக்கம் நேரடியாக மதிப்பெண்ணைக் குறைக்கும்.

ரயில் முன்பதிவுப் பக்கத்தில் பயணியின் வயதை நிரப்பும் கட்டம் ஒன்று கேள்வியாக வந்தால், பதில் எப்படி வளரலாம் என்று பார்க்கலாம். படுக்கை வகுப்பில் 5 வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணமில்லை. 5 நிறைந்து 12 நிறையாத குழந்தைக்குப் படுக்கை வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். இந்த விதியை லீட் சொன்னவுடன் விண்ணப்பதாரர் வயதுகளை மூன்று வகுப்புகளாகப் பிரிக்கலாம்: 5க்குக் கீழ், 5 முதல் 11, 12ம் அதற்கு மேலும். ஒவ்வொரு வகுப்பிலிருந்தும் ஒரு மதிப்பு எடுத்தால் போதும் என்பது ஈக்விவலன்ஸ் பார்ட்டிஷனிங். பிழைகள் ஓரங்களில் ஒளிந்திருப்பதால் 4, 5, 11, 12 ஆகியவற்றைத் தவறாமல் எடுப்பது பவுண்டரி வேல்யூ அனாலிசிஸ். மூன்று வயது வகுப்புகளோடு படுக்கை வேண்டும், வேண்டாம் என்ற இரண்டையும் சேர்த்தால் ஆறு சேர்க்கைகள் வரும். அதைக் கட்டம் போட்டு எழுதினால் டிசிஷன் டேபிள். 12 வயது நிறைந்தவரிடம் படுக்கை வேண்டாமா என்று கேட்கவே கூடாது என்பது அந்தக் கட்டத்தை வரையும்போதுதான் கண்ணில் படும். பிறகு பூஜ்யம், மைனஸ் 3, 200, நாலரை, 'ஐந்து' என்று எழுத்தில், வெற்றிடம் ஆகியவை.

இவ்வளவையும் தயாரித்து வந்த எவரும் சொல்லிவிடலாம். வேறுபடுத்திக் காட்டுவது இன்னொரு கேள்வி: 'சார், வயதை முன்பதிவு செய்யும் நாளில் கணக்கிடணுமா, பயண நாளில் கணக்கிடணுமா?' 60 நாளுக்கு முன்பே டிக்கெட் எடுக்கும்போது நாலு வயதாக இருந்த குழந்தைக்கு வண்டி ஏறும்போது ஐந்து நிறைந்திருக்கலாம். இப்படி ஒரு கேள்வி வந்துவிட்டால், டெஸ்ட் கேஸ் பட்டியலில் இரண்டு மூன்று விடுபட்டாலும் லீட் பொருட்படுத்த மாட்டார்.

எதிர்பார்க்கும் விடையை எங்கிருந்து எடுப்பது என்பதும் இதோடு சேர்ந்தது. வீட்டு மின்கட்டணம் இதற்கு அருமையான பயிற்சிக் களம். 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த கட்டண அட்டவணையை மட்டும் வைத்துக்கொள்வோம். பின்னால் கட்டணங்கள் திருத்தப்பட்டன. அதன்படி இரு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய் வீதம், அதற்கடுத்த 200க்கு 4.50 வீதம், கடைசி 100க்கு 6 ரூபாய் வீதம். பயன்பாடு 500ஐத் தாண்டிவிட்டால் அட்டவணையே வேறு: முதல் 100 இலவசம், 101 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6, அதற்கு மேல் 600 வரை 8 ரூபாய். கணக்குப் போட்டால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய் வருகிறது. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் வித்தியாசம். 300, 450, 550 என்று நடுவில் மட்டும் மதிப்புகளைப் போட்டுப் பார்ப்பவருக்கு இந்தத் தாவல் தெரியவே தெரியாது. 500, 501 இரண்டையும் போட்டவர் அதைப் பார்த்துவிட்டு பக் என்று பதிவு செய்தாலும் தப்பு, ஏனென்றால் கட்டண ஆணை அப்படித்தான் சொல்கிறது. எதிர்பார்க்கும் விடை தேவை ஆவணத்திலிருந்து வர வேண்டும், டெஸ்டரின் நியாய உணர்விலிருந்து வரக் கூடாது. இந்த மென்பொருளுக்கு இன்னும் என்ன கேட்கலாம்? பூட்டிய வீட்டுக்கு ரீடிங் எடுக்காவிட்டால் என்ன செய்யும், மீட்டரை மாற்றியதால் புது ரீடிங் பழையதைவிடக் குறைவாக வந்தால் என்ன செய்யும் என்பவை உடனே தோன்ற வேண்டும்.

பெயர் என்ற சாதாரணக் கட்டத்திலும் தமிழ்நாட்டு விண்ணப்பதாரருக்கு ஒரு சாதகம் உண்டு. குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவத்தில் இனிஷியல் மட்டும் உள்ளவர் படும் பாடு அவருக்குச் சொந்த அனுபவம். குடும்பப் பெயர் வெறுமையாக இருந்தால், ஓரெழுத்தாக இருந்தால், 'எஸ்.' என்று புள்ளியோடு இருந்தால் என்ன ஆகும் என்பவை மூன்று உண்மையான டெஸ்ட் கேஸ்கள். பெயரைத் தமிழிலேயே நிரப்ப அனுமதித்தால் சோதனை இன்னும் ஆழமாகும். 'கோபி' என்பது கண்ணுக்கு இரண்டு எழுத்து. யூனிகோடில் அது நான்கு குறியீடுகள், யூ.டி.எஃப்-8 முறையில் 12 பைட்டுகள். பெயர் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்ற விதியை மென்பொருள் எதை எண்ணிச் சரிபார்க்கிறது? நடுவில் வெட்டினால் உயிர்க்குறி தனியாகப் பிய்ந்து நிற்குமா? இதைச் சொல்லும் புதியவரை எந்த லீடும் எளிதில் மறக்க மாட்டார்.

இதே வகையைச் சேர்ந்த முக்கோணக் கேள்வி பழையது. க்ளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979இல் வெளியிட்ட சோதனைக் கலை பற்றிய நூல் அந்தக் கணக்கோடுதான் தொடங்குகிறது. மூன்று எண்களைப் பக்கங்களாக வாங்கி, சமபக்கமா, இருசமபக்கமா, அசமபக்கமா என்று சொல்லும் நிரலை எப்படிச் சோதிப்பது என்பது கேள்வி. பலர் மூன்று வகைக்கும் ஒவ்வோர் உதாரணம் தந்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். 1, 2, 3 என்று கொடுத்தால் முக்கோணமே அமையாது, 3, 3, 4 என்பதை 3, 4, 3 என்றும் 4, 3, 3 என்றும் மாற்றிக் கொடுத்துப் பார்க்க வேண்டும், இரண்டு எண் மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பன விடுபடும். வீட்டில் ஒரு மாலை தாளில் எழுதிப் பார்க்க இதைவிட நல்ல பயிற்சி குறைவு.

பக் ரிப்போர்ட் எழுதச் சொன்னால்

சில நிறுவனங்கள் வேண்டுமென்றே பிழைகள் வைத்த ஒரு செயலியைத் திறந்து கொடுத்து அரை மணி நேரம் விட்டுவிடும். எத்தனை பிழை கிடைத்தது என்பதைவிட, கிடைத்ததை எப்படி எழுதினார் என்பதையே பார்ப்பார்கள். 'ஓ.டி.பி. வரவில்லை' என்று எழுதினால் டெவலப்பர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. 'சுயவிவரத்தில் மொபைல் எண்ணை மாற்றிய பிறகும் லாகின் ஓ.டி.பி. பழைய எண்ணுக்கே போகிறது' என்று தலைப்பு இருந்தால் பாதி வேலை முடிந்துவிட்டது. அதன் கீழ் எந்த போன், ஆண்ட்ராய்டின் எந்தப் பதிப்பு, செயலியின் எந்தப் பதிப்பு, எண்ணிட்ட படிகள், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, எத்தனை முறை முயன்று எத்தனை முறை வந்தது, ஸ்க்ரீன்ஷாட். ஒரு ரிப்போர்ட்டில் ஒரு பிழைதான் இருக்க வேண்டும். 'மிக மோசமான வடிவமைப்பு' போன்ற தீர்ப்புகளுக்கு அங்கே இடமில்லை.

இதைத் தொட்டு வருவது மனிதர்களைப் பற்றிய கேள்வி. 'என் சிஸ்டத்துல நல்லாத்தான் ஓடுது, இது பக் இல்ல' என்று டெவலப்பர் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வீர்கள்? லீடிடம் புகார் செய்வேன் என்பதும், அவர் சொன்னால் சரி என்று மூடிவிடுவேன் என்பதும் ஒரே அளவுக்கு மோசமான பதில்கள். முதலில் இருவரின் சூழலையும் ஒப்பிடுவது, அவர் மேசைக்கே சென்று அதே படிகளைச் செய்து காட்டுவது, தேவை ஆவணம் என்ன சொல்கிறது என்று சேர்ந்து படிப்பது, அப்போதும் ஒத்துவரவில்லை என்றால் லீடையோ பிசினஸ் அனலிஸ்டையோ கேட்பது என்ற வரிசையில் பதில் போக வேண்டும்.

எஸ்க்யூஎல், ஏ.பி.ஐ., ஆட்டோமேஷன்

எஸ்க்யூஎல்லில் புதியவரிடம் எதிர்பார்ப்பது குறைவு, ஆனால் அந்தக் குறைவு கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: செலக்ட், வேர், குரூப் பை, ஹேவிங், ஜாயின் வகைகள். இதுவரை ஆர்டரே செய்யாத வாடிக்கையாளர்களைக் கண்டுபிடி என்ற கேள்வி அடிக்கடி வரும். வாடிக்கையாளர் அட்டவணையிலிருந்து ஆர்டர் அட்டவணைக்கு லெஃப்ட் ஜாயின் போட்டு, ஆர்டர் எண் 'நல்' (மதிப்பே இல்லாதது) என்று இருக்கும் வரிசைகளை எடுக்க வேண்டும். நல் என்பதைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டால் ஒன்றும் வராது. 'இஸ் நல்' என்றே எழுத வேண்டும். இங்கே வழுக்குபவர்கள் ஏராளம்.

ஏ.பி.ஐ. என்றால் போஸ்ட்மேனில் ஒரு கெட், ஒரு போஸ்ட் அனுப்பிப் பார்த்திருந்தாலே தொடக்கத்துக்குப் போதும். 200, 201, 400, 401, 403, 404, 500 ஆகிய எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதும், 401க்கும் 403க்கும் உள்ள வேறுபாடும் கேட்கப்படும். யார் என்றே தெரியவில்லை என்பது 401. யார் என்று தெரியும், அனுமதி இல்லை என்பது 403.

ஆட்டோமேஷன் தெரியாமல் மேனுவல் டெஸ்டிங் மட்டும் கற்றவர்களுக்கான இடங்கள் சுருங்கி வருகின்றன. 2004இல் பிறந்த செலினியம் இன்னும் பரவலாக இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் ப்ளேரைட்டைப் புதிய ப்ராஜெக்ட்டுகளில் அதிகம் காணலாம். எதைக் கற்றாலும் ஏதாவது ஒரு நிரல்மொழியில் லூப், அர்ரே, சரம் ஆகியவற்றைத் தடையில்லாமல் எழுத வேண்டும். பேலிண்ட்ரோம், ஒரு சொல்லில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்ற அளவில்தான் கேள்விகள் இருக்கும். எதை ஆட்டோமேட் செய்யக் கூடாது என்ற கேள்விக்கும் ஒரு பதில் கையில் இருக்கட்டும். தினமும் மாறிக்கொண்டிருக்கும் திரை, ஒரே ஒரு முறை ஓட்டப்போகும் சோதனை, பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்ற தீர்ப்பு ஆகியவற்றுக்கு மனிதக் கண்ணே மலிவு. டெஸ்ட் கேஸ்களைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதி வாங்குவீர்களா என்றும் இப்போது கேட்கிறார்கள். வாங்குவேன், தேவை ஆவணத்தோடு ஒப்பிட்டு விடுபட்டதையும் இல்லாத விதியைக் கற்பனை செய்ததையும் தேடுவேன் என்பது பொருத்தமான பதில்.

ஆங்கிலம்

தமிழ்வழியில் படித்தவர்களை இந்தத் துறையிலிருந்து விலக்கிவைப்பது பெரும்பாலும் ஆங்கிலப் பயம்தான். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச வேண்டிய ப்ராஜெக்ட்டுகளில் பேச்சு முக்கியம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் டெஸ்டரின் அன்றாட வேலை எழுத்தில் நடக்கிறது. குறுகிய, தெளிவான வாக்கியங்களில் படிகளை எழுதத் தெரிந்தால் வேலை ஓடும். நேர்காணலிலும் அதே உத்தி உதவும்: நீண்ட வாக்கியத்தில் சிக்காமல் ஒவ்வொன்றாகச் சிறிய வாக்கியங்களில் சொல்வது. கேள்வி புரியவில்லை என்றால் புரிந்த மாதிரி தலையாட்டாமல் மீண்டும் கேட்பது. லீட் தமிழர் என்றால் நடுவில் தமிழுக்கு மாறலாமா என்று கேட்டுக்கொள்வதில் குற்றமில்லை. கேட்காமல் மாறுவதுதான் உறுத்தும். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதற்கு ஊர், அப்பா வேலை, பொழுதுபோக்கு என்று போகாமல், என்ன படித்தார், டெஸ்டிங் பக்கம் எப்படி வந்தார், இதுவரை எதைச் சோதித்திருக்கிறார் என்று ஒரு நிமிடத்தில் முடித்துவிட வேண்டும்.

ஹெச்.ஆர். ரவுண்டும் அதற்குப் பின்னும்

ஏன் டெஸ்டிங் என்ற கேள்வி எந்த ரவுண்டிலும் வரலாம். கோடிங் வராது, அதனால் டெஸ்டிங் என்பது பலரின் உண்மையான காரணமாக இருந்தாலும் சொல்லக்கூடிய காரணமில்லை. அது வேலையையும் தாழ்த்துகிறது, சொல்பவரையும் தாழ்த்துகிறது. படிப்பு முடித்து ஓரிரு ஆண்டு இடைவெளி இருந்தால் மறைக்காமல் காரணத்தைச் சொல்லி, அந்தக் காலத்தில் கற்றதைக் காட்ட வேண்டும்.

இடைவெளியை மறைக்கப் போலி அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம், ரெஸ்யூமேயில் இரண்டு ஆண்டு போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லும் இடங்கள் உண்டு. வேலை கிடைத்த பிறகு பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். வருங்கால வைப்பு நிதிக்கான யு.ஏ.என். எண்ணை வைத்து, யார் எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தார் என்று பார்த்துவிட முடியும். அங்கே பதிவே இல்லாத இரண்டு ஆண்டு அனுபவம் நிற்காது. சேர்ந்து சில மாதம் கழித்துப் பிடிபட்டு வெளியேற்றப்படுபவரின் நிலை, வேலை கிடைக்காதவரின் நிலையைவிட மோசமானது. வேலை தருவதற்கு முன் 'பாதுகாப்பு வைப்பு', 'பயிற்சிக் கட்டணம்' என்று பணம் கேட்கும் நிறுவனத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சம்பளப் பேச்சில் புதியவருக்குப் பேரம் பேசும் பலம் அதிகமில்லை. அதே அளவு நிறுவனங்களில் தெரிந்தவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து வைத்துக்கொண்டு ஒரு வரம்பைச் சொல்வது போதும். இரவு ஷிப்ட் உண்டா, வார விடுமுறை எது, போக்குவரத்து வசதி உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். பெருங்களத்தூரிலிருந்து சிறுசேரிக்குத் தினமும் போய்வர வேண்டியவருக்கு இது சம்பளத்துக்குச் சமமான விஷயம்.

'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்று முடிவில் கேட்பார்கள். இல்லை என்று எழுந்துவிடுவது நல்ல வாய்ப்பை விடுவது. டீமில் டெவலப்பருக்கு எத்தனை டெஸ்டர், தேவை ஆவணம் எழுத்தில் இருக்கிறதா வாய்மொழியா, வெளியீட்டுக்கு முந்தைய வாரம் எப்படிப் போகும் என்று கேட்டால் வரும் பதில்களிலிருந்து அந்த இடத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். தேவைகளெல்லாம் வாய்மொழிதான் என்று பதில் வந்தால், யார் சொன்னது சரி என்ற தகராறில் பெரும்பகுதி நேரம் போகும் என்று புரிந்துகொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும், அல்லது பேருந்திலேயே, கேட்கப்பட்ட கேள்விகளையும் சொல்ல முடியாமல் போனவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த நேர்காணலில் பாதிக் கேள்விகள் இவையாகவே இருக்கும். நன்றி சொல்லி ஒரு சிறிய மின்னஞ்சல் அனுப்பலாம். பத்து நாள் வரை பதில் வராவிட்டால் ஒரு முறை விசாரிக்கலாம். அதற்கு மேல் துரத்துவதில் பயனில்லை.

ஆஃபர் லெட்டர் வந்தால் கையெழுத்திடும் முன் நான்கு இடங்களை நிதானமாகப் படிக்க வேண்டும். பதவிப் பெயரில் டெஸ்டிங் என்ற குறிப்பு இருக்கிறதா, அல்லது எங்கு வேண்டுமானாலும் போடக்கூடிய பொதுப் பெயரா? ஆண்டுச் சம்பளமாகக் காட்டும் தொகையில் மாதாமாதம் கைக்கு வருவது எவ்வளவு, ஆண்டு முடிவில் 'நிபந்தனையோடு' வருவது எவ்வளவு? சோதனைக் காலம் எத்தனை மாதம், அதற்குள் விலகினால் நோட்டீஸ் எவ்வளவு? பாண்ட் இருந்தால் எத்தனை ஆண்டு, முன்பே விலகினால் கட்ட வேண்டிய தொகை என்ன? பாண்டோடு அசல் சான்றிதழ்களையும் ஒப்படைக்கச் சொன்னால் நகலைக் கொடுத்து, அசலைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். மறுத்தால் அந்த வேலையை விட்டுவிடலாம்.